அணைய மறுத்த இடதுபக்க விளக்கு

வண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள் கோமதி. தெரு இன்னும் முழுசாக விடியவில்லை. மார்கழிப் பனி மின்கம்பத்து விளக்கைச் சுற்றி வட்டமாக நின்றது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. வண்டியின் இடதுபக்க மஞ்சள் விளக்கு மட்டும் தெரிந்தது. மினுங்கியது, அணைந்தது, மறுபடி மினுங்கியது.

பக்கத்தில் வந்த பிறகுதான் பார்த்தேன். சுடிதார் முழங்கால் பக்கம் கிழிந்திருந்தது. இடுப்பு வரைக்கும் ஈரக் கரிசல் மண். சாப்பாட்டு டப்பா மூடி இல்லாமல் கையில் இருந்தது.

"விழுந்துட்டேம்ப்பா" என்றாள். "அடி பெருசா இல்ல."

இஞ்சின் நின்றிருந்தது, ஆனால் பதற்றத்தில் சாவியை அணைக்க மறந்திருந்தாள். நான் முதலில் செய்த காரியம் சாவியைத் திருப்பியதுதான். மஞ்சள் விளக்கு அணைந்தது.

பிள்ளைகளே, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சாவியைத் திருப்பாமல், அந்த விளக்கை அதற்கு உரிய ஸ்விட்சில் அணைத்துப் பார்த்திருந்தேன் என்றால், இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல என்னிடம் கதையே இருந்திருக்காது.

நடந்தது என்ன

கோமதி எனக்கு ஒரே மகள். சங்கரன்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் விடிந்தும் விடியாமலும் அங்கே வாசலில் நிற்பார்கள். கதவைத் திறக்கும்போதே இவளும் அங்கே இருந்தாக வேண்டும். எங்கள் ஊரோ திருவேங்கடம் போகிற ரோட்டிலிருந்து ஒரு சந்து உள்ளே. முதல் பஸ் வருவதற்குள் வெயிலே வந்துவிடும். அதனால் என் பழைய பைக்கைத்தான் அவள் எடுத்துப் போய் வந்தாள். லைசென்ஸ் வைத்திருக்கிறாள். எட்டுப் போட்டுக் காட்டி முறையாக வாங்கியது.

ஊர்ச் சந்து முடிகிற இடத்தில் இடது பக்கம் திரும்பினால் டவுன் ரோடு. இடது இண்டிகேட்டரைப் போட்டுத் திரும்பியிருக்கிறாள். கொஞ்சதூரத்தில் செங்கல் சூளைக்குப் போகிற பாதை ஒன்று இடது பக்கம் பிரியும். பின்னால் வந்த லோடு ஆட்டோக்காரர், முன்னால் போகிற வண்டியில் விளக்கு மினுங்குவதைப் பார்த்து, இந்தப் பிள்ளை சூளைக்குத்தான் திரும்புகிறது என்று நினைத்து, வலது பக்கமாக ஏறிக் கடக்கப் பார்த்திருக்கிறார். இவள் நேரே போகிறவள். ரோட்டில் ஒரு பள்ளம் வர, வலது பக்கம் ஒதுங்கியிருக்கிறாள்.

உரசவில்லை. ஆட்டோ ஹாரன் காதுக்குள் கேட்டதும் மிரண்டு, வண்டியை இடது பக்கம் ஒடித்து, ரோட்டை விட்டு இறங்கிக் கரிசலில் சாய்ந்துவிட்டாள்.

"ஏ புள்ள, இடது பக்கம் லைட்டப் போட்டுட்டு வலது பக்கம் வாரியே! ஒனக்கு யாரு லைசென்ஸ் குடுத்தா?" என்று இறங்கி வந்து கத்திவிட்டு, வண்டியையும் அவரே தூக்கி நிறுத்தி, "அடி கிடி பட்டிருக்காம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

என் மனைவி பேச்சியம்மாள் பூக்கூடையை அப்படியே போட்டுவிட்டுத் தோட்டத்திலிருந்து ஓடி வந்தாள். மகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எலும்பு எதுவும் உடையவில்லை என்று தெரிகிற வரைக்கும் அழுகை. தெரிந்த பிறகு கோபம்.

"திரும்பினப்புறம் லைட்ட அணைக்கலையாட்டி நீ?"

"அமுக்கினேம்மா. உள்ள போன குமிழு திரும்பி வரவே இல்ல. ஒட்டிக்கிட்டு நிக்கி."

"ஸ்விட்சு ஒட்டுமாட்டி? அது என்ன பலாப்பழமா?"

மதியம் நான் போய்ப் பார்த்தேன். இடது, வலது, அணை. டிக், டிக், டிக். ஒரு குறையும் இல்லை. பேச்சியும் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"அப்ப வண்டி மேல குத்தமில்ல" என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. குற்றம் யார் மேல் என்பது மிச்சத்தில் இருந்தது.

சாயங்காலம் தீர்ப்பு வந்தது. இனி கோமதி வண்டியைத் தொடக் கூடாது. பஸ்ஸுக்குத் தகுந்த வேலையாகப் பார்க்க வேண்டும், கிடைக்காவிட்டால் வீட்டில் இருந்து பூக்கட்ட வேண்டும். பரிசோதனை நிலையத்துக்காரர், தொடர்ந்து வர முடியுமா முடியாதா என்று சனிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருந்தார். அதுவரை நான் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

கோமதி என்னிடம் தனியாகச் சொன்னாள்: "வேல போனாக்கூட வேற பாக்கலாம்ப்பா. நான் பொய் சொல்லுதேன்னு அம்மா நெனைக்காங்களே. அதான்."

வளையல் கை

இந்த இடத்தில் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறேன். போன வாரம் கிணற்றில் விழுந்த கோழியைப் பற்றி எழுதியபோது, ஒதுங்கி ஒதுங்கிப் போய்க் கோழி பிழைத்ததா என்று சொல்லாமலே முடித்துவிட்டேன். நிறையப் பிள்ளைகள் கேட்டிருந்தீர்கள். பிழைத்தது.

காரில் திரும்பி முடித்துச் சக்கரம் நேரானதும் இந்த விளக்கு தானாக அணைந்துகொள்ளும் என்கிறார்கள். எங்கள் பைக்குகளில் அப்படி இல்லை. இடது கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். பெருவிரலால் எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கத்து விளக்கு மினுங்கும். திரும்பிய பிறகு நாம்தான் அந்தக் குமிழை உள்ளே அமுக்கி அணைக்க வேண்டும்.

மறந்தால் ரோடே நினைவுபடுத்தும். எதிரில் வருகிறவர் ஐந்து விரலையும் குவித்து விரித்துக் காட்டுவார். சைடு ஸ்டாண்டை மடக்காமல் போய்ப் பாருங்கள், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் சொந்தக்காரர்களாகிவிடுவார்கள். "அண்ணாச்சி, ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று டீக்கடையிலிருந்து ஒருவர், பஸ் ஜன்னலிலிருந்து ஒருவர். ஆனால் அன்றைக்குக் கோமதிக்குச் சொல்ல அந்தக் கொஞ்சதூரத்தில் யாரும் எதிரே வரவில்லை.

உண்மையைச் சொன்னால் எங்கள் பக்கம் இந்த விளக்கை நம்பி யாரும் திரும்புவது குறைவு. கையை நீட்டுவோம். பின்னால் இருப்பவர் நீட்டுவார். கையில் சுமை இருந்தால் காலை நீட்டுகிறவர்களும் உண்டு. இரண்டு தோளிலும் குழாய்க் கட்டு வைத்திருந்த ஒருவர், தலையை ஆட்டிவிட்டுத் திரும்பியதை வாசுதேவநல்லூர்ப் பக்கம் பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கத்துக்கு ஆட்டினார் என்று அவருக்குத்தான் வெளிச்சம்.

பேச்சி என் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வருவாள். இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே அவள் கை நீண்டுவிடும். திரும்பி முடித்து வெகுநேரம் கழித்துத்தான் மடியில் வந்து சேரும். விளக்குதான் இருக்கிறதே என்று ஒருமுறை சொன்னேன்.

"லைட்டப் பாத்து எவன் நிப்பான்? வளையல் கையப் பாத்தா லாரிக்காரனும் பிரேக்கு போடுவான்" என்றாள்.

அவள் பயம் எனக்குப் புரியும். அந்தக் காலை வேளையில் மகளின் பின்னால் கை நீட்ட ஆள் இல்லை. அதுதான் அவள் தீர்ப்புக்குக் காரணம்.

"ஒட்டுதாமா, ஒட்டுதா?"

மறுநாள் வண்டியை டவுனுக்குக் கொண்டுபோனேன். பஸ் ஸ்டாண்டு தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் முருகையா அண்ணாச்சிதான் எப்போதும் பார்ப்பார். நல்ல வெயில்.

"என்ன வே கோளாறு?"

"இண்டிகேட்டர் ஸ்விட்சு ஒட்டுதாம்."

"ஒட்டுதாமா, ஒட்டுதா?"

"மக சொல்லுதா."

கையைத் துணியில் துடைத்துவிட்டு வந்து தள்ளிப் பார்த்தார். வேகமாக, மெதுவாக, ஒரு விரலால், பார்க்காமல். பிறகு என் கையைப் பிடித்துக் குமிழ் மேல் வைத்தார்.

"நீரே பாரும். தண்ணி மாதிரி ஓடுது. எங்கன ஒட்டுது?"

"கழட்டிப் பாத்துருவோமா?"

"நல்லா இருக்கதை எதுக்கு வே கழட்டணும்? உள்ள மிளகு சைசுல ஒரு குண்டு இருக்கு. ஸ்பிரிங்கு அதை உந்திக்கிட்டே இருக்கும். தொறந்தா பறந்துரும், அப்புறம் ரெண்டு பேரும் தரையில தவழணும்." சிரித்தார். "புள்ளைக்குப் பெருவிரல்ல பெலம் பத்தல. உளுந்தங்களி கிண்டிக் குடும்."

வீட்டில் வந்து இதை அப்படியே சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்துச் சொன்னது. கோமதி எழுந்து உள்ளே போனாள். பேச்சி, "நான் சொல்லல?" என்பது மாதிரி என்னைப் பார்த்தாள்.

கையை நீட்டாதீங்க

எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் பூந்தோட்டம். மார்கழியில் மல்லி அருகிப்போகும், பிச்சிதான் கை கொடுக்கும். அதை மொட்டாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். சந்தைக்குப் போகிற வேன் ரோட்டில் வந்து நிற்பதற்குள் பறித்த பூதான் பூ. நான் மகளை டவுனில் விட்டுத் திரும்பி வரும்போது, பேச்சி ஒருத்தியாகப் பறித்தது போக மிச்சம் செடியிலேயே வாய் திறந்து சிரிக்கும். பார்க்க அழகுதான். வேனில் ஏற்ற முடியாது. இப்படியே ரொம்ப நாள் தள்ள முடியாது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

இப்போது நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கோமதி ஓட்டிய அதே வண்டி, அதே இருட்டு, அதே நேரம். நான்தானே ஓட்டினேன்? ஸ்விட்ச் ஒட்டுகிறதா இல்லையா என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே?

தெரியவில்லை. வியாழக்கிழமை கோமதிதான் கண்டுபிடித்தாள். சந்து முனை வருவதற்கு முன்னால் என் தோளைத் தட்டினாள்.

"யப்பா, ஒண்ணு சொல்லுவேன். கோவப்படக் கூடாது."

"சொல்லு மக்கா."

"மூணு நாளாப் பாக்கேன். நீங்க ஒரு நாளும் இண்டிகேட்டர் போடல. கையத்தான் நீட்டுதீங்க. இன்னைக்குக் கைய நீட்டாதீங்க. அதைப் போடுங்க."

போட்டேன். இடது பக்கம் மினுங்கியது. திரும்பினேன். பெருவிரலால் குமிழை அமுக்கினேன்.

சேற்றில் வைத்த கால் மாதிரி மெல்ல உள்ளே போனது. அங்கேயே நின்றது. விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. மறுபடி அமுக்கினேன், பக்கவாட்டில் நெம்பினேன். எதிரே சைக்கிளில் வந்த பால்காரர் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டிவிட்டுப் போனார்.

என் தோளை இறுக்கிப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது.

"ஒட்டுதும்மா" என்றேன்.

"ம்" என்றாள்.

திரும்பி வந்ததும் பேச்சியிடம் காட்ட வேண்டும் என்று இருந்தேன். பூவை வேனில் ஏற்றி, கஞ்சி குடித்து, அவளைக் கூப்பிடும்போது வேலியோரம் நின்ற வண்டி மேல் நன்றாக வெயில் விழுந்துவிட்டது. "இங்கன வா, பாரு" என்று குமிழை அமுக்கினேன். டிக். விளக்கு அணைந்தது.

"அப்பனும் மகளும் சேந்து என்னையக் கோட்டி ஆக்குதீங்களா?" என்று பேச்சி கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எண்ணெய் பாட்டில்

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நல்ல குளிர். பின்வாசலில் வெந்நீர் அடுப்பு எரிந்தது. கோமதி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சி தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. உள்ளே வெள்ளையாக, மெழுகு மாதிரி இறுகியிருந்தது. பாட்டிலை அடுப்பின் அனலில் காட்டிக்கொண்டு முணுமுணுத்தாள்.

"மார்கழி வந்தா இந்த எண்ணெயோட ஒரு பாடு. வெயிலு ஏறினா தானா உருகிரும். இவளுக்கு அதுக்குள்ள போவணும்."

நான் வெந்நீர் எடுக்க வந்தவன், சொம்போடு நின்றேன். வெயில் ஏறினால் தானாக உருகிவிடும்.

"பேச்சி, நம்ம பைக்குக்கு நீ எண்ணெ போட்டியா?"

"எப்பம்?"

"எப்பமாவது."

"ஆயுத பூசைக்குப் போட்டேன். கழுவினப்புறம் அந்தக் குமிழு நறநறன்னுச்சு. ஒரு சொட்டு விட்டேன்." கொஞ்சம் யோசித்து, "ரெண்டு மூணு சொட்டு" என்றாள்.

"என்ன எண்ணெ?"

அவள் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெய் படாத இரும்பு கிடையாது. அருவாள், மண்வெட்டி, கதவுத் தாழ்ப்பாள், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. ஆயுத பூஜைக்கு எல்லாம் கழுவி, எண்ணெய் தொட்டு, சந்தனமும் குங்குமமும் வைப்பாள். அந்த வருஷம் பைக்குக்கும் அதே மரியாதை கிடைத்திருக்கிறது.

கோமதி எழுந்து வண்டிக்குப் போனாள். தலை விரிந்தபடியே இருந்தது. சாவியைப் போட்டு, குமிழைத் தள்ளி, அமுக்கினாள். ஒட்டியது. பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டு, வாயால் ஊதிச் சூடேற்றிக்கொண்டு நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றோம். வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது.

டிக்.

"இப்பம் பாத்தீங்களா" என்று அம்மாவைக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நியாயம்தான். கேட்கவில்லை. வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

"எண்ணெ உருகியிருக்கும்மா. தேய்ச்சு விடுங்க, நேரமாவுது."

பேச்சி தேய்த்தாள். வழக்கமாக அரக்கப் பறக்கத் தேய்க்கிறவள், அன்று உச்சியிலிருந்து நுனி வரைக்கும் நிதானமாகத் தேய்த்தாள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பெரிதாகச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒன்றும் இல்லை. இந்த வாரத்துக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒருவர் பார்த்தது உங்கள் கண்ணில் படவில்லை என்றால் உடனே அவரைச் சந்தேகப்படாதீர்கள். எந்த நேரத்தில் பார்த்தாய் என்று கேளுங்கள். அந்த நேரத்தில் போய் நீங்களும் பாருங்கள். நாங்கள் எல்லோரும் அவள் விடிகாலையில் பார்த்ததை மத்தியான வெயிலில் தேடினோம்.

குண்டு பறந்தது

அன்று மதியம் நானே கழற்றினேன். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஸ்விட்ச் பெட்டிக்கு அடியில் இருந்த திருகாணிகளைக் கழற்றுவதற்கு முன், பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கீழே ஏந்திப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. நான் கூப்பிடாமலே வந்து நின்றது பேச்சிதான்.

பெட்டி இரண்டாகப் பிளந்தது. உள்ளே கறுப்பாக ஒரு பசை. எண்ணெயும் கரிசல் புழுதியும் கூடிக் களிம்பாகியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். அதில் இன்னும் கொஞ்சம் சந்தன வாசம் இருந்தது.

குமிழை நெம்பி எடுக்கும்போது முருகையா அண்ணாச்சி சொன்னது நடந்தது. சிணுங் என்று ஒரு சத்தம். குண்டு வேட்டியைத் தாண்டிப் பறந்து மண்ணில் விழுந்தது. கரிசல் மண், கறுப்புக் களிம்பு பூசிய மிளகளவுக் குண்டு. நான் தலையில் கை வைத்தேன்.

"அசையாதீங்க. மிதிச்சிராதீங்க" என்றாள் பேச்சி.

மண்ணில் மண்டியிட்டாள். கண்ணால் தேடவில்லை, விரலால் தேடினாள். இருட்டில் செடிக்குள் கையை விட்டு, மொட்டு எது, பூ எது என்று தொட்டே பிரித்தெடுக்கிற விரல்கள். ஓரத்திலிருந்து பைய அளைந்துகொண்டே வந்தவை ஓரிடத்தில் நின்றன. சேலை முந்தானையில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுக்குள்ள போயி எண்ணெய ஊத்தியிருக்கேன் பாருங்க" என்றாள்.

பழைய டூத் பிரஷ்ஷில் துளி பெட்ரோல் தொட்டுக் களிம்பை எடுத்தேன். (நீங்கள் பெரியவர்கள் இல்லாமல் பெட்ரோலைத் தொடக் கூடாது. அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.) நன்றாகக் காயவிட்டு, கடுகளவு கிரீஸ் வைத்து, ஸ்பிரிங்கையும் குண்டையும் உட்கார வைத்து மூடினேன். அமுக்கினேன். டிக்.

சந்தோஷப்பட முடியவில்லை. மத்தியானத்தில் அது எப்போதும் வேலை செய்ததுதானே.

சனிக்கிழமை

விடியுமுன் எழுந்தோம். பேச்சி வண்டிப் பக்கம் போகவில்லை. முதலில் மாடத்தில் இருந்த எண்ணெய் பாட்டிலை எடுத்தாள். கவிழ்த்தாள், குலுக்கினாள். கல் மாதிரி உறைந்திருந்தது. சரிதான் என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

"நீங்க தொடாதீங்க" என்று என்னைத் தள்ளினாள். தானே குமிழைத் தள்ளினாள். மஞ்சள் விளக்கு அவள் சேலையில் மினுங்கியது. அமுக்கினாள். அணைந்தது. இன்னொரு தடவை. அணைந்தது. நிறையத் தடவை செய்தாள்.

பிறகு சாவியை மகளிடம் நீட்டினாள்.

"ஏட்டி, ஹெல்மெட்ட எடு."

"நானாம்மா?"

"பின்ன, ஒங்க அப்பாவா? அவருக்குக் கைய நீட்டத்தான் தெரியும். அவரு பூப்பறிக்கட்டும்." வாசல் கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டினாள். "நானும் வாரேன். டவுன் கோயில்ல கோமதி அம்மனுக்கு ஒரு தேங்கா ஒடைக்கணும். வரும்போது பஸ்ஸுல வந்துக்கிடுதேன்."

"தேங்காயா?" என்றாள் கோமதி. அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

"ஓட்டுட்டி, பேசாம" என்று பேச்சி பின்னால் ஏறி ஒருக்களித்து உட்கார்ந்து, மகளின் தோளைப் பிடித்தாள்.

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்து வரைக்கும் பின்னாலேயே நடந்தேன். முனை வந்தது. இடதுபக்க விளக்கு மினுங்கத் தொடங்கியது. அதற்கு வெகுமுன்னாலேயே பேச்சியின் கையும் நீண்டுவிட்டது. வண்டி திரும்பி டவுன் ரோட்டில் ஏறி நேரானது. நான் அந்த மஞ்சள் புள்ளியையே பார்த்தேன்.

அது அணைந்தது.

கை மட்டும் பனிக்குள் மறைகிற வரைக்கும் நீட்டியபடியே போனது.